பிள்ளைகளுக்காக அலுவலகப் படி ஏறப் போகிற பெற்றோருக்கு: திருகோணமலையில் எதை, யாரிடம், எப்படிக் கேட்பது

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரம் 6 முதல் தரம் 11 வரை கணிதம் படிப்பிக்க ஒருவரும் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் போனது. திருகோணமலை மாவட்டத்தில் கடலோரமாக இருக்கிற ஒரு சின்ன ஊர். பெயர் இங்கே வேண்டாம், பிள்ளைகள் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள். நாங்கள் ஏழெட்டுத் தாய்மார் சேர்ந்து எங்கள் கணித ஆசிரியரைத் திரும்பக் கொண்டுவர 14 மாதம் எடுத்தது. இப்போது யோசித்தால் அதில் ஒன்பது மாதம் வீண் அலைச்சல். பிழையான ஆளிடம் போனோம், பிழையான கேள்வி கேட்டோம், கொடுத்த கடிதத்துக்குக் கையில் ஒரு பிரதிகூட வைத்திருக்கவில்லை. அதற்கிடையில் ஒரு தரம் 11 வகுப்பு சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டது. கணிதத்தில் சித்தி இல்லாமல் உயர்தரம் போவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் பிரச்சினையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பஸ், முன்பள்ளி, தெருவிளக்கு, கிளினிக் எதுவானாலும் போகிற வழி கிட்டத்தட்ட இதேதான்.

1. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை

முதல் கூட்டத்தைக் கோயில் மடத்தில் வைத்தோம். எல்லோரும் மனதில் கிடந்ததைக் கொட்டினார்கள்: ஆசிரியர் இல்லை, மலசலகூடத்துக்குக் கதவு இல்லை, பஸ் நிற்பதில்லை, இரவில் யானை, சந்தியில் கசிப்பு, விளக்கு எரிவதில்லை. அதில் பதினொன்றை ஒரே மனுவில் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி நான்கு அலுவலகத்துக்குக் கொடுத்தோம். ஒரு பதிலும் வரவில்லை. பதினொரு விடயம் உள்ள மனுவைப் பார்க்கிற எந்த அலுவலகத்துக்கும் அதில் பத்து தன்னுடையதில்லை, அந்தப் பத்தோடு தன்னுடைய ஒன்றையும் சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். மேசையில் எவ்வளவு கோப்பு கிடக்கிறது என்று பார்த்தால் அது உங்களுக்கே விளங்கும்.

ஆகவே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். எதை? இப்போது செய்யாவிட்டால் இந்த வருடப் பிள்ளைகளுக்கே நட்டம் வரக்கூடியது எதுவோ, ஒரு வசனத்தில் சொல்லக்கூடியது எதுவோ, எண்ணிக் காட்டக்கூடியது எதுவோ, அது. மற்றவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், முறை வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிள்ளைக்கு அடி, பாலியல் தொந்தரவு, வேலைக்கு அனுப்பப்படுவது போன்ற விடயம் என்றால் அது மனு எழுதிக் கூட்டம் கூடுகிற விடயமே இல்லை. அன்றைக்கே 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம், 24 மணி நேரமும் வேலை செய்யும். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் நேரே சொல்லலாம். ஊர்க் கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை எடுக்கவே வேண்டாம்.

2. முதலில் எண்ணுங்கள்

"சேர், பிள்ளைகள் படிப்பில்லாமல் கஷ்டப்படுகிறார்கள்" என்று சொன்னால், "ஓம் அம்மா, எல்லா இடமும் இதுதான் நிலைமை" என்று பதில் வரும். எண்ணிக்கையோடு போனால் அப்படிச் சொல்ல முடியாது. நாங்கள் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தாயைப் பொறுப்பாக்கி, நேரசூசியில் கணிதம் என்று போட்ட பாடவேளை எத்தனை, அதில் உண்மையில் கணிதம் நடந்தது எத்தனை என்று ஆறு கிழமை எழுதினோம். பின்னேரம் பிள்ளையிடம் ஒரு கேள்வி, ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை. அந்தக் கொப்பியின் போட்டோக் கொப்பிதான் பிறகு எங்களுக்கு எல்லாக் கதவையும் திறந்தது.

பஸ் பிரச்சினை என்றால் தரிப்பிடத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பிள்ளைகள் நின்றார்கள், பஸ் எத்தனை மணிக்கு வந்தது, நிறுத்தியதா என்று மூன்று கிழமை எழுதுங்கள். முன்பள்ளி என்றால் ஊரில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது போகிற முன்பள்ளி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கு ஊரில் உள்ள ஒவ்வொரு சின்னப் பிள்ளையும் தெரியும், மரியாதையாகக் கேட்டால் மொத்த எண்ணிக்கையைச் சொல்லி உதவுவார்.

எழுதும்போது பிள்ளைகளின் பெயர் வேண்டாம். தரமும் எண்ணிக்கையும் போதும்.

எண்ணத் தொடங்கு முன் அதிபரைப் போய்ப் பாருங்கள். நாங்கள் போகவில்லை, அது பெரிய பிழை. தனக்கு எதிராகத்தான் கொப்பி எழுதுகிறோம் என்று அவர் நினைத்துவிட்டார், அதைச் சரிப்படுத்த இரண்டு மாதம் போனது. உண்மையில் ஆசிரியர் இல்லாததால் எங்களைவிட அவருக்குத்தான் தலையிடி அதிகம். அவர் ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதியிருந்தார், எங்களுக்குத்தான் அது தெரியாது.

3. யாருடைய மேசை என்று கண்டுபிடியுங்கள்

எங்கள் ஒன்பது மாதம் தொலைந்தது இந்த இடத்தில்தான். எங்கே போனாலும் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்த விடயத்துக்குக் கடைசிக் கையொப்பம் வைக்கிறவர் யார்?" முன்மேசையில் இருக்கிற முகாமைத்துவ உதவியாளருக்கே அது தெரிந்திருக்கும். சரியாகக் கேட்டால் சொல்வார்கள்.

ஆசிரியர் என்றால் முதலில் உங்கள் பள்ளிக்கூடம் மாகாணப் பாடசாலையா, தேசியப் பாடசாலையா என்று பாருங்கள். தேசியப் பாடசாலை கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் மாகாணத்துடையவை. எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. ஒரே வலயத்துக்குள் ஆசிரியரை மாற்றுவது வலயக் கல்விப் பணிப்பாளரின் மேசை. ஒரு வலயத்திலிருந்து இன்னொரு வலயத்துக்கு என்றால் மாகாணக் கல்வித் திணைக்களம். அது திருகோணமலை நகரிலேயே இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கு இல்லாத வசதி எங்களுக்கு இருக்கிறது, காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். கோட்டக் கல்விப் பணிப்பாளர் உதவி செய்வார், பரிந்துரைப்பார், ஆனால் கடைசிக் கையொப்பம் அவரிடம் இல்லை. நாங்கள் அவரிடமே நான்கு தடவை போனோம்.

வீதி என்றால் இன்னும் சிக்கல். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்சம் உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபையுடையவை. பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோடு போடக் கேட்டு ஒரு வருடம் பிழையான இடத்துக்குக் கடிதம் எழுதிய ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். தெருவிளக்குக்குச் சபை. பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ்ஸுக்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, அதற்கு அதிபரின் கடிதம் இல்லாமல் தொடங்க வேண்டாம். கிளினிக், போசாக்கு, திரிபோஷா என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதற்கு மேல் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். முன்பள்ளிகளைப் பிரதேச சபை, சங்கம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று யாராவது ஒருவர்தான் நடத்துவார்கள், ஆகவே நடத்துகிறவர் யார் என்று முதலில் கேட்டு, பிறகு பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தைவிட்டு நின்ற பிள்ளை என்றால், 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016ஆம் ஆண்டிலிருந்து சட்டம், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது.

4. சங்கத்தின் பெயரில் பேசுங்கள்

தனி ஆளாகப் போனால் "உங்கள் பிள்ளைக்கு என்ன பிரச்சினை" என்று கேட்பார்கள். சங்கமாகப் போனால் ஊரின் பிரச்சினையாகக் கேட்பார்கள். அதற்காகப் புதுச் சங்கம் தொடங்கத் தேவையில்லை. ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஏற்கெனவே பதிவில் இருக்கும், கடிதத்தலைப்பும் முத்திரையும் வங்கிக் கணக்கும் இருக்கும், தலைவி ஒத்துக்கொண்டால் அதன் கீழ் ஒரு பெற்றோர் உபகுழு போதும். கூட்டக் குறிப்பில் "இன்ன திகதி, இன்ன தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்" என்று எழுதிவிடுங்கள். அந்தப் பக்கத்தின் பிரதி பிறகு கேட்கப்படும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதற்குத் தலைவர் அதிபர். தன் மேலதிகாரிக்கு அழுத்தம் கொடுக்கும் கடிதத்தில் அவரைக் கையொப்பம் வைக்கச் சொல்வது நியாயமில்லை. அவரை இக்கட்டில் மாட்டாதீர்கள்.

புதிதாகவே பதிய வேண்டும் என்றால் யாப்பு, நிர்வாகசபை விபரம், அங்கத்தவர் பட்டியல், முதல் பொதுக்கூட்டக் குறிப்பு, கிராம உத்தியோகத்தரின் பரிந்துரை ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றுக்கு அது இரண்டரை மாதம் எடுத்தது. யாப்பைப் புதிதாக எழுதிக் கஷ்டப்பட வேண்டாம், பிரதேச செயலகத்திலேயே மாதிரி கேளுங்கள்.

இன்னொன்று, என் மனதுக்கு மிக முக்கியமானது. எங்கள் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காலை பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளில் பாதி பக்கத்து ஊர்ப் பிள்ளைகளாக இருப்பார்கள். எங்கள் இரண்டாவது கோரிக்கையில், அதாவது பஸ்ஸுக்காக, பக்கத்து முஸ்லிம் ஊர்த் தாய்மாரையும் சேர்த்தோம். இரண்டு சங்கத்தின் முத்திரையும் ஒரே கடிதத்தில் இருந்தபோது அதை எந்தக் கட்சியின் வேலை என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தத் தாய்மாரில் ஒருவர், நாங்கள் எல்லோரும் மர்யம் தாத்தா (அக்கா) என்று கூப்பிடுகிறவர், இன்றைக்கு எங்கள் குழுவில் மிக நன்றாகப் பேசக்கூடியவர்.

5. கடிதம்

ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டாம். ஆளின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள், ஆள் மாறினாலும் கடிதம் அந்த மேசையில் இருக்கும். "விடயம்" என்ற வரியில் பள்ளிக்கூடப் பெயரும் கோரிக்கையும் வரட்டும். உள்ளே நீங்கள் எண்ணிய மூன்று எண்ணிக்கை, ஒரே ஒரு கோரிக்கை, எந்தத் திகதிக்குள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பது, ஒரு தொலைபேசி இலக்கம். கீழே மூன்று பேர் கையொப்பம்.

அழுது எழுத வேண்டாம், திட்டியும் எழுத வேண்டாம். எங்கள் முதல் மனுவில் "பாராமுகம்" என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. வாசித்தவருக்கு அது மட்டும்தான் நினைவில் நின்றது.

தமிழிலேயே எழுதுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதியதற்குத் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. சிங்களத்தில் பதில் வந்தால் மரியாதையாகத் திருப்பி எழுதித் தமிழில் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள் அம்மா" என்று சொன்னால் அசையாமல் நில்லுங்கள், "முத்திரை மட்டும் போட்டுத் தாங்கோ மிஸ்" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். தரவே இல்லை என்றால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையைப் பிரதியில் ஒட்டி வையுங்கள். எங்கள் முதல் நான்கு மனுவுக்கும் கையில் எதுவும் இருக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் "அப்படி ஒரு கடிதம் வரவே இல்லையே" என்றார்கள். நாங்கள் என்ன சொல்ல முடியும்?

கையொப்பத் தாள் வைக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையை முழுதாக எழுதுங்கள். வெறும் பெயர்ப் பட்டியலாக இருந்தால் அது வேறு எதற்கோ பின்னால் இணைக்கப்படலாம். அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டாம், தேவையில்லை. பெயர், ஊர், எத்தனை பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில், கையொப்பம். அவ்வளவு போதும்.

6. தகவல் உரிமை விண்ணப்பம்: எங்கள் பூட்டு திறந்தது இதனால்தான்

ஐந்தாவது கடிதத்துக்கு ஒருவழியாகப் பதில் வந்தது. பிரித்துப் படித்ததும் எங்களுக்குத் தலை சுற்றியது. பதிவேட்டின்படி எங்கள் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியருக்கு வெற்றிடம் இல்லையாம்.

வகுப்பில் ஆள் இல்லை, தாளில் ஆள் இருக்கிறார். எப்படி? அவருடைய பதவி எங்கள் பள்ளிக்கூடத்தில், சம்பளப் பட்டியலில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர், ஆனால் வேலை செய்வது வேறு இடத்தில். இதற்குப் பெயர் தற்காலிக இணைப்பு. சுகவீனம், சின்னப் பிள்ளை, தூரம் என்று நியாயமான காரணத்துக்கும் கொடுப்பார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிலுக்கு ஒருவரையும் போடாமல் அந்த இணைப்பு நீண்டுகொண்டே போனால் வெற்றிடமே தெரியாத வெற்றிடமாகிவிடும். நாங்கள் "ஆசிரியர் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது "எங்கள் ஆசிரியர் எங்கே, எப்போது திரும்புகிறார்" என்பது. கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது.

அதை வெளியே கொண்டுவந்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்போதே தெரிந்திருந்தால் முதல் மாதமே போட்டிருப்போம். இப்படிச் செய்யுங்கள்:

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. படிவம் இருக்கிறது, ஆனால் வெறும் தாளில் எழுதினாலும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவர் பெயரைக் கேட்டு அவருக்கு முகவரியிட்டுக் கொடுத்து, கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள்.

கேள்விகள் சின்னதாக, எண்ணோ திகதியோ பிரதியோ பதிலாக வரும்படி இருக்க வேண்டும். நாங்கள் கேட்டவை: இந்தப் பாடசாலைக்குக் கணிதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை எத்தனை? இன்றைய திகதியில் அந்தப் பதவியில் சம்பளம் பெறுபவர் எத்தனை பேர்? அதில் வேறு இடத்தில் இணைப்பில் இருப்பவர் எத்தனை பேர், இணைப்பு தொடங்கிய திகதி, முடியும் திகதி? பதிலுக்கு ஒழுங்கு செய்யப்பட்டதா, எப்போது? ஆசிரியரின் பெயரையோ சொந்தக் காரணத்தையோ கேட்காதீர்கள். தனிப்பட்ட விபரம் என்று மறுக்க அது வழி கொடுக்கும், அதோடு அந்த ஆசிரியரை ஊர் முன்னால் நிறுத்துவது நமக்கும் அழகில்லை. பதவியைப் பற்றி மட்டும் கேளுங்கள். "ஏன் எங்களைக் கவனிக்கவில்லை" போன்ற கேள்விக்கும் பதில் வராது.

முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள். தருவதாக முடிவெடுத்தால் அதிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும், பெரிய வேலை என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். முதல் நான்கு பக்கங்கள் இலவசம், மேலதிகப் பக்கத்துக்குச் சில ரூபாய்தான். மறுத்தாலோ, நாள் கடந்தும் பதில் இல்லை என்றாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இந்தத் திகதிகளை நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் குறியுங்கள். ஒரு தடவை மேன்முறையீட்டு நாளை நான் நான்கு நாளால் தவறவிட்டு, முழுவதையும் முதலிலிருந்து தொடங்கினேன்.

எங்களுக்குப் பதில் ஐந்தாவது கிழமை வந்தது. ஒரே பக்கம். இணைப்பு முடிய வேண்டிய திகதி ஏழு மாதத்துக்கு முன்பே கடந்துவிட்டது என்று அதிலேயே எழுதியிருந்தது.

7. நேரில் போகும்போது

மூன்று பேர் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் கோப்பை எடுத்துக் கொடுக்க. நாங்கள் ஒருமுறை வான் பிடித்து 22 பேர் போனோம், ஆர்ப்பாட்டம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பொதுமக்கள் தினம் எது என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், அதிகாரி கூட்டத்துக்குக் கொழும்பு போயிருந்தால் ஒரு நாள் கூலி வீண்.

பேசி முடிந்ததும் எழுதியவர் வாசித்துக் காட்டட்டும்: "சேர், இன்ன திகதிக்குள் இன்னது செய்வதாகச் சொன்னீர்கள், சரிதானே?" அடுத்த நாளே அதைக் கடிதமாக எழுதி, "நேற்றைய சந்திப்பில் நீங்கள் கூறியபடி" என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது தாளில் ஏறிவிடும்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் விடயம் பேசப்பட வேண்டுமென்றால் அன்றைக்குப் போய் வாசலில் நிற்பதில் பயனில்லை. அதற்கு முன்பே பிரதேச செயலாளருக்கு எழுதி நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேளுங்கள். உங்கள் ஒரு பக்கக் கடிதமும் தகவல் உரிமைப் பதிலும் அங்கே யாராவது ஒருவரின் கையில் இருக்க வேண்டும். எங்கள் ஒரு பக்கப் பதில் அந்த மேசையில் வைக்கப்பட்டு இரண்டு கிழமையில் வேலை நடந்தது.

8. எப்போது தொடங்குவது

அரசின் நிதி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பணம் தேவைப்படும் கோரிக்கை, அதாவது விளக்கு, மலசலகூடம், முன்பள்ளிக் கூரை போன்றவை, அடுத்த வருடப் பாதீட்டில் ஏற வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டெம்பருக்குள் உங்கள் கடிதம் சபையில் இருக்க வேண்டும். டிசம்பரில் போனால் "காசு முடிந்தது", ஜனவரியில் போனால் "பாதீட்டில் இல்லை".

ஆசிரியர் இடமாற்றம் வழக்கமாக வருடத் தொடக்கத்தோடு வரும், அதற்கான பட்டியல் பல மாதம் முன்பே தயாராகத் தொடங்கிவிடும். அதனால் ஆசிரியர் விடயத்தை வருட நடுவில் தொடங்குங்கள்.

கூட்டம் வைக்கும் காலமும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி, தோணி இறங்காது, ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் பாதையே வெள்ளத்தில் நிற்கும். நோன்பு மாதத்தில் பின்னேரக் கூட்டம் வைத்தால் பக்கத்து ஊர்த் தாய்மார் வர முடியாது. எங்களுக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிதான் சரிவந்தது.

9. செலவு

மறைக்காமல் சொல்கிறேன், 14 மாதத்தில் எங்களுக்கு 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் போனது. அதில் பெரும்பகுதி பஸ் காசும் ஓட்டோக் காசும், மிச்சம் போட்டோக் கொப்பியும் பதிவுத் தபாலும். ஒரு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று சேர்த்தோம், கணக்கைக் கூட்டத்தில் வாசித்தோம். கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு அலுவலகம் போகிற நாள் முழு நாள் சம்பள இழப்பு, அந்தக் கணக்கு இதில் இல்லை. அவரை மாதம் ஒருமுறைக்கு மேல் கூப்பிடாதீர்கள், அல்லது அன்றைக்கு அவருடைய பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை மற்ற வீடுகள் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். யாருக்கும் எந்த வேலைக்காகவும் கைக்குள் காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் உங்கள் கோப்பு முழுவதும் கெட்டுப்போகும்.

10. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பிள்ளைகளைப் பள்ளிக்கூட உடையோடு வெயிலில் பதாகை பிடிக்க விடாதீர்கள். படம் எடுத்து முகநூலில் போட ஆட்கள் வருவார்கள், அந்தப் படம் பிள்ளை வளர்ந்த பிறகும் கிடக்கும். போராட வேண்டியது நாங்கள், அவர்கள் படிக்கட்டும்.

தேர்தல் காலத்தில் ஒருவர் வந்து "இதை நான் முடித்துத் தருகிறேன், கடிதத்தை என்னிடம் தாருங்கள்" என்பார். பிரதியைக் கொடுங்கள், மூலத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். எல்லாக் கட்சிக்கும் ஒரே நாளில் ஒரே பிரதியைக் கொடுத்தால் யாரும் உங்களைச் சொந்தம் கொண்டாட முடியாது.

வட்ஸ்அப் குழுவில் அதிகாரிகளைப் பற்றிக் கோபமாக எழுதுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். அங்கே எழுதியது அன்று பின்னேரமே அவர்களின் தொலைபேசியில் இருக்கும்.

தொண்டு நிறுவனம் ஒன்று பின்னேர வகுப்பு நடத்த முன்வந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அது உண்மையில் உதவியது. ஆனால் அதைக் காட்டி "இப்போது பிரச்சினை இல்லைத்தானே" என்று சொல்ல விடாதீர்கள். கடிதத்தில் அதையும் குறிப்பிட்டு, அது தற்காலிகம் என்று எழுதுங்கள்.

11. எல்லாம் செய்தும் பதில் இல்லை என்றால்

திருகோணமலையில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாடு இலவசம், தமிழில் கொடுக்கலாம். இதில் ஒரு நாள் கணக்கு இருக்கிறது: உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கான ஒரு மாதக் கெடுவில் சேராது. ஆகவே "மறுக்கிறோம்" என்று எழுத்தில் பதில் வந்த நாளிலிருந்து தூங்கிவிடாதீர்கள். பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக மனு அனுப்பும் வழியும் உண்டு, ஆனால் அது நீண்ட காலம் எடுக்கும். எங்களுக்கு இந்த இரண்டும் தேவைப்படவில்லை.

12. வேலை முடிந்த பிறகு

ஆசிரியர் ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தார். அவரைப் பற்றி ஊரில் யாரும் ஒரு சொல் கேட்கக்கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம், வாசலில் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து வரவேற்றோம். அந்தக் கிழமையே கையொப்பம் வைத்த அதிகாரிக்கு நன்றிக் கடிதம் அனுப்பினோம். இரண்டாவது கோரிக்கைக்குப் போனபோது அந்த அலுவலகத்தில் எங்கள் பெயர் நினைவில் இருந்தது.

கோப்பை மட்டும் மூடவில்லை. ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடங்கிய முதல் மாதத்தில் அதே நான்கு கேள்வியை எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துத் தகவல் உரிமை விண்ணப்பமாகப் போடுகிறோம். கோப்பில் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி, ஒன்று சங்கத்தில், ஒன்று வேறொரு வீட்டில், வெள்ளம் வந்தாலும் ஒன்று மிஞ்சும். செயலாளராகத் தரம் 11 பிள்ளையின் தாயைப் போடாதீர்கள், பரீட்சை முடிந்ததும் அவருக்கு வேறு கவலைகள் வந்துவிடும். எங்கள் புதுச் செயலாளரின் மகள் இப்போது தரம் 6.